டியர் மிஸ்டர் அப்பா

உ

செம்பூர், மும்பை
ஞாயிறு மாலை

மகாராஜராஜஸ்ரீ, சகல சம்பத்தும் பொருந்திய, அன்பும் மதிப்பும் மிக்க அப்பா அவர்கள் சமுகத்திற்கு, மூத்த மகள் பாதம் பணிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், நான் வளர்க்காமலே என் அறையில் வளர்கிற எலியும் நலம். அவ்விடம் உங்கள் நலமும், அம்மாவின் முழங்கால் நலமும், மாடியில் காய்கிற மோர்மிளகாயின் நலமும் அறிய மிகுந்த ஆவல்.

போதுமா அப்பா? எனக்கு மூச்சு வாங்குகிறது.

உங்கள் அஞ்சலட்டை புதன்கிழமை வந்தது. ஐம்பது காசு அட்டையில் இத்தனை வசவை அடக்க உங்களால்தான் முடியும். "பணம் அனுப்பிட்டேன் பாருங்க என்று வாட்ஸப்பில் வந்தது. மூன்று சொல். தந்தியாக இருந்தால் உன் சிக்கனத்தைப் பாராட்டியிருப்பேன். வாட்ஸப்காரன் சொல்லுக்கு எவ்வளவு வாங்குகிறான்? முன்னால் ஒரு அப்பா போட்டால் பில் ஏறுமோ?" முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும் சொல் எண்ணி அனுப்பிய கை, இப்போது பெற்ற மகளின் சொல்லை எண்ணுகிறது. பரவாயில்லை. ஆனால் கடைசி வரி இருக்கிறதே: "ஒரு வணக்கம் எழுத நேரமில்லாத அளவுக்கு அங்கே உனக்கு அப்படி என்ன வேலை?"

சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எனக்கு இங்கே வேலையே வணக்கம்தான். ஊர் உலகத்திலிருந்து வருகிற வணக்கங்களுக்கு மார்க் போடுகிறேன்.

முதலாளியை உங்களுக்குத் தெரியும். மேலப்பாளையத்துக்காரர் என்றதும்தான் அம்மா என்னை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றவே சம்மதித்தாள். அவருடைய தாத்தா தாராவியில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஆடு மாடு அறுக்கும் கூடம் பக்கத்திலேயே பாந்த்ராவில் இருந்ததால், நம் சீமை முஸ்லிம்கள் இங்கே வந்து தொட்டி கட்டினார்கள். 1971-இல் கூடம் தேவ்னாருக்குப் போனது. பின்னாலே தொட்டிகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது பதனிட்ட தோல் ஆம்பூரிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. இங்கே வெட்டி, ஒட்டி, தைத்து பர்ஸாகவும் பெல்ட்டாகவும் பையாகவும் வெளியே அனுப்புகிறோம். கீழே கடை, மேலே பட்டறை, நடுவே இரும்பு ஏணி, ஏணிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நான். புதிதாக விலை கேட்டு வருகிற மெயில் எல்லாம் என் தலையில்தான் விழும். இங்கே அதற்குப் பெயர் என்கொயரி.

முதலாளி வளர்ந்த விதம் அப்படி. ஒருவர் சலாம் சொன்னால் அதைவிட மேலான சலாமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், குறைந்தது அதே அளவாவது. அது ஒரு கடன். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அதையே வியாபாரத்துக்குத் திருப்பிப் போட்டார். "சலாம் சொன்னவன்ட்டதான் நமக்குக் கடன். சும்மா 'ரேட் என்ன'ன்னு கேக்கானே, அவனுக்கு நாம ஒண்ணும் கொடுக்கவேண்டியது இல்ல. பதில் போடாத எம்மா."

அப்படிப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பதில் போகாது, மாதக் கடைசியில் எனக்குச் சம்பளமும் போகாது என்று கெஞ்சினேன். ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி, மேலே 786 எழுதி, கோடு கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் அடுத்த பக்கத்து மூலையில் சின்னதாக உ போட்டுக்கொண்டேன். அதுதான் வணக்க நோட்டு. எந்த வணக்கத்துக்கு என்ன விலை என்று அதில் இருக்கிறது.

பெயரைச் சரியாக எழுதி, டியர் போட்டு, நலமா என்று ஒரு வரியும் கேட்டவருக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி. ஆணா பெண்ணா என்ற சந்தேகத்தோடு 'டியர் சார் ஆர் மேடம்' என்று வந்தால் விலை உள்ளபடி. 'ஹாய்' என்றால் இரண்டு சதவீதம் கூட்டு. 'ஹே' என்றால் ஐந்து. "ஹேயா? மாடு பத்துறானா?" என்று கேட்டார். வணக்கமே இல்லை என்றால் பத்து சதவீதம் கூட்டி, நன்றாக ஆறப்போட்டுப் பதில். இரண்டாம் தடவையும் இல்லை என்றால் இன்னொரு பத்து.

நம் நாட்டு ஆபீஸ்காரர்கள் 'கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே' என்று ஒன்று எழுதுவார்கள். இன்றைய நாளின் வாழ்த்துகள். முதலாளி காலண்டரை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன நாளு?" என்றார். ஒன்றுமில்லை முதலாளி, வெறும் செவ்வாய்க்கிழமை என்றேன். "செவ்வாய்க்கு எதுக்கு வாழ்த்து? சரி, அரை சதவீதம் தள்ளு. ரம்ஜானுக்கு வந்திருந்தா ரெண்டு தள்ளியிருப்பேன்." 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்று ஒரு மெயில் வந்தது. யார் சம்பந்தப்பட்டவரோ அவருக்கு என்று அர்த்தம் சொன்னேன். "நான் சம்பந்தப்படலன்னு எழுதிரு."

போன தீபாவளிக்கு முன்னால், கம்பெனிகள் ஊழியருக்குப் பரிசு கொடுக்க ஆயிரக்கணக்கில் பர்ஸ் கேட்கிற சீசனில், ஒருவர் 'டியர்' என்று மட்டும் எழுதி, கமா போட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டார். சாரும் இல்லை, மேடமும் இல்லை, பெயரும் இல்லை. வெறும் டியர். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இவன் யாரு எம்மா, நம்ம வீட்டுப் பிள்ளையை டியர்ங்கிறதுக்கு? அப்பா இருக்காரு, அண்ணன் தம்பி இருக்கான்! இருபது கூட்டு." இன்னொருவருக்காக இயந்திரம் மெயில் அனுப்பியிருக்கிறது. பெயர் வர வேண்டிய இடத்தில் பெயரை நிரப்ப மறந்து, 'டியர் ஃபர்ஸ்ட் நேம்' என்று வந்துவிட்டது. முதலாளி இரண்டு நாள் என்னை "ஃபர்ஸ்ட் நேமு, டீ வந்துட்டா?" என்றே கூப்பிட்டார்.

ஒரு பர்ஸ் 380 ரூபாய். 'ஹாய்' சொன்ன புனே கடைக்காரருக்கு இரண்டு சதவீதம் ஏற்றி 387 ரூபாய் 60 காசு என்று அனுப்பினேன். அந்த 7 ரூபாய் 60 காசு என்ன கணக்கு என்று அவர் கேட்டார். நான் கை பிசைந்தேன். முதலாளி அசரவில்லை. "ஹேண்ட்லிங் சார்ஜுன்னு எழுது. நம்மள அவன் ஹேண்டில் பண்ணின விதத்துக்கு."

இந்த நோட்டில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டே கால் வருஷமாக நான் சார்தான். மெயிலின் அடியில் என் பெயரைப் போட்டாலும் டியர் சார், போடாவிட்டாலும் டியர் சார். தோல் வியாபாரத்தில் பொம்பளை இருக்கமாட்டாள் என்று உலகம் முழுக்கக் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். மெயில் கணக்குத் திறக்கும்போது 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்றது. காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டியது. உங்கள் இனிஷியலைப் போட்டால் ஒற்றை எழுத்து போதாது என்றது. வேறு வழியில்லாமல் உங்கள் முழுப் பெயரைப் போட்டேன். மரியாதை தெரிந்த வெளிநாட்டுக்காரர் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றிலிருந்து ஹாம்பர்க்கிலிருந்தும் ஓசாகாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற மெயிலெல்லாம் 'டியர் மிஸ்டர்' என்று தொடங்கி உங்கள் பெயரில் போய் நிற்கிறது. பெயரிலாவது தந்தி மிச்சமிருக்கிறதே என்று தினத்தந்தி வாங்கிக்கொண்டு நீங்கள் பாளையங்கோட்டைத் திண்ணையில் சாய்கிற நேரத்தில், ஒரு ஜெர்மானியர் உங்களிடம் 200 பெல்ட்டுக்கு விலை கேட்கிறார்.

ஜெர்மானியருக்கு ஆள் பெயர் தெரியாவிட்டால் 'மிகவும் மதிப்பிற்குரிய பெண்மணிகளே, கனவான்களே' என்று தொடங்குவதுதான் முறையாம். ஏணிக்குப் பக்கத்தில் இருப்பது நான் ஒருத்தி. ஆனாலும் பெண்மணியை முன்னால் சொன்னாரே, அந்த ஒரு காரணத்துக்காக ஒரு சதவீதம் நானே தள்ளிவிட்டேன். முதலாளிக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் கும்பிடு முழுவதையும் வாலில் வைப்பார். என் தனிச்சிறந்த வணக்கங்களை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன் என்று கடைசியில் ஒரு முழ நீளத்துக்கு வரும். முதலாளி மேல்வரியைப் பார்த்துவிட்டுப் பத்து கூட்டச் சொல்லி, கீழே வந்ததும் பத்தையும் கழிக்கச் சொல்லுவார்.

ஆனால் ஜப்பானியர் கிட்டே யாரும் நிற்க முடியாது அப்பா. முதல்முறை எழுதுகிறவர், 'திடீரென்று மெயில் அனுப்பியதற்கு மன்னிக்க வேண்டும்' என்று ஆரம்பிப்பார். மெயில் வேறு எப்படி வரும்? முன்கூட்டி ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப முடியுமா? முதலாளிக்கு நான் அதைத் தமிழில் சொன்னதும் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "பாத்தியா எம்மா, கதவத் தட்டுறதுக்கே மாப்பு கேக்கான். எட்டு தள்ளு." அந்த ஜப்பானியர் வாங்கியது ஒரே ஒரு சாவிப் பை. சாம்பிளுக்காம்.

எல்லா வணக்கத்தையும் விஞ்சின வணக்கம் போன வருஷம் வந்தது. அதைப் பற்றி உங்களிடம் போனில் சொல்லவில்லை, வெட்கம். என் பேரன்புக்குரிய, கடவுளால் ஆசீர்வதிக்கப்பட்ட மேடம் என்று தொடக்கம். ஆமாம், மேடம்! பிறகு உங்கள் உடல்நலம், பெற்றோர் உடல்நலம், தொழிலாளர் உடல்நலம், உங்கள் நாட்டு மழை நலம் என்று பன்னிரண்டு வரி. நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. முதலாளி பதினைந்து சதவீதம் தள்ளி, ஒன்பது கைப்பையைக் கூரியரில் சாம்பிளாக அனுப்பச் சொன்னார். நானும் உருகிப்போய்ப் பெட்டிக்குள் ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையை வைத்தேன். பை போய்ச் சேர்ந்தது. அதோடு அந்த முகவரியும் போய்ச் சேர்ந்தது. முதலாளியின் மகன்தான் சொன்னார், இந்த வகை மெயில் மோசடிக்கு உலகம் முழுக்க 419 என்றே பெயராம், நைஜீரியாவின் தண்டனைச் சட்டப் பிரிவு எண். எங்களை ஏமாற்றியவன் எந்த நாடோ, யார் கண்டது. நம் ஊர்ப் பழைய 420-க்கு ஒரு வீடு முன்னால் குடியிருக்கிறான். முதலாளி நோட்டின் அடியில் ஒரு வரி எழுதிவைத்தார்: ரொம்பக் குனியிறவன் நம்ம செருப்பைப் பாக்கான்.

இந்த வருஷம் புதுத் தொல்லை. எந்த மெயிலைத் திறந்தாலும் 'இந்த மடல் தங்களை நலமுடன் காணும் என்று நம்புகிறேன்' என்று ஒரே வாசகம். சூரத்காரரும் அதையே எழுதுகிறார், ஷார்ஜாக்காரரும் அதையே எழுதுகிறார், முன்பு 'ஹே' என்று மாடு பத்தியவரும் அதையே எழுதுகிறார். பிழையில்லாத இங்கிலீஷ், சரியான பெயர், நலம் விசாரிப்பு எல்லாம் இருக்கிறது. நோட்டுப்படி எல்லாருக்கும் ஐந்து தள்ள வேண்டும். "எல்லாரும் ஒரே டியூசன் வாத்தியார்ட்ட படிச்சானுவளா?" என்று முதலாளி திகைத்தார். வாத்தியார் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார், கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று விளக்கினேன். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. நான் சமாதானமாக உங்கள் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்து வாழ்த்துத் தந்தியில் யாரும் சொந்தமாக எழுத வேண்டியதில்லை, வாசகங்களுக்கு நம்பர் உண்டு, எட்டு என்று சொன்னால் நீடித்த மணவாழ்வுக்கு வாழ்த்து போய்விடும், நம்பர் மாறி ஒருதரம் கல்யாண வீட்டுக்குப் பிள்ளை பிறந்த வாழ்த்து போய், பெண் வீட்டார் தந்தி ஆபீசுக்கே வந்துவிட்டார்கள் என்று. முதலாளி ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார். "உங்க அப்பாட்ட கேளு எம்மா, கடன் கேட்டு வாறவனுக்கு ஏதும் நம்பர் உண்டான்னு."

தந்தியையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள், நம்பரை எங்கே தேட என்றேன்.

மெயிலை விட்டுத் தெருவில் இறங்கினாலும் இதே பிழைப்புத்தான். எங்கள் சந்தில் காலையில் நடந்தால் ஐம்பது அடிக்குள் ஆறு வணக்கம் மாற்ற வேண்டும். டீக்கடை பையாவுக்கு ராம் ராம், லைனிங் துணி விற்கிற பாய்க்குச் சலாம், மூலை வீட்டு மராத்திப் பாட்டிக்கு நமஸ்கார், அடுத்த சந்து பையனுக்கு ஜெய் பீம், கும்பார்வாடாவிலிருந்து பானை கொண்டுவருகிற குஜராத்திக்கு ஜெய் ஸ்ரீகிருஷ்ணா, நம் ஆட்களுக்கு வணக்கம் அண்ணாச்சி. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாருமே அவரவர் வணக்கத்தைத் திருப்பிச் சொன்னார்கள், ஒருத்தரும் சதவீதம் கூட்டவில்லை. போனில் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஹலோ இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கும் இங்கே ஒரு கதை. 2022 அக்டோபர் 2-ஆம் தேதி முதல், அரசு ஊழியர்கள் போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதில் வந்தே மாதரம் என்று சொல்லும்படி மகாராஷ்டிர அரசு கேட்டுக்கொண்டது. கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். டெலிபோனைக் கண்டுபிடித்த பெல், 'அஹாய்' என்று கப்பல்காரன் மாதிரி கூப்பிடத்தான் ஆசைப்பட்டார், ஹலோவைப் பிடித்துக் கொடுத்தது நம்ம எடிசன் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லுவீர்கள். அவரும் ஒரு காலத்தில் தந்தி ஆபரேட்டர் அல்லவா, உங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரிதான். பாருங்கள், அவர் வைத்த வணக்கத்துக்கும் இங்கே போட்டி வந்துவிட்டது.

இனி, போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதமே அதனால்தான்.

கோலாப்பூரிலிருந்து ஒரு மெயில். 'பெல்ட் ரேட்?' அவ்வளவுதான். உங்கள் கணக்குப்படி இரண்டு சொல், ஒரு கேள்விக்குறி. நோட்டுப்படி பத்து கூட்டி ஆறப்போட்டேன். நாலு நாள் கழித்து மறுபடி 'பெல்ட் ரேட்?' இன்னொரு பத்து. அடுத்த வாரம் மூன்றாவது. முப்பது சதவீதம்! முதலாளி, "இவன் திருந்தமாட்டான், விட்டுரு" என்றுவிட்டார். விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஏணியில் சத்தம். வெள்ளைத் தொப்பி, வேட்டி, எழுபது வயசுக்குக் குறையாத ஒரு பெரியவர், ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் ஒரு டப்பாவோடு ஏறிவருகிறார். மேலே வந்ததும் செருப்பைக் கழற்றினார். தோல் பட்டறையில் செருப்பைக் கழற்றிய முதல் ஆள் அவர்தான். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். முதலாளிக்கு நமஸ்கார், எனக்கு நமஸ்கார், மூலையில் தோல் ஓரம் சீவுகிற ஸ்கைவிங் மிஷினில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் தனியாக ஒரு நமஸ்கார். டப்பாவைத் திறந்தார், பேடா. எங்கே ஊர், மழை பெய்ததா, பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். அப்பா தந்தி ஆபீசில் இருந்தார் என்றேன். அவருடைய கல்யாணச் செய்தி அவருக்கே தந்தியில்தான் வந்ததாம். அவர் அப்போது எங்கோ தூரத்தில் வேலையில் இருந்தாராம். இரண்டு டீ முடிந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம்தான் மெதுவாக, "மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ஒருவேளை வீட்டில் ஏதும் துக்கமோ என்று பார்த்துவிட்டுப் போக வந்தேன்" என்றார்.

எனக்குப் பேடா தொண்டையில் நின்றுவிட்டது. முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் எலிப்பொந்தைப் பார்க்கிறேன். ஒருவழியாக நான் என் மராத்தியைக் கூட்டிக் குழைத்து, மெயிலில் வணக்கம் இல்லாததால் யாரோ என்று நினைத்துவிட்டோம் என்றேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கம்ப்யூட்டரைக் கையால் காட்டிக் கேட்டார்: "மிஷினுக்கு எதுக்கும்மா நமஸ்காரம்? ஆளைப் பார்த்தால்தானே சொல்லணும்."

முதலாளி நோட்டை மெல்லக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். என் கண்ணால் பார்த்தேன். 500 பெல்ட், சொன்ன விலைக்கும் ஐந்து குறைத்துத்தான் கொடுத்தார். பெரியவர் ஏணி இறங்கும்போது, இனிமேல் மெயிலிலும் போடச் சொல்கிறேன், டைப் அடிப்பது பேரன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை மெயில் வந்தது: "நமஸ்கார். நமஸ்கார். நமஸ்கார். நமஸ்கார். பெல்ட் எப்போது வரும்?" நாலு எதற்கு என்று முதலாளி விழித்தார். மூன்று பழைய பாக்கி, ஒன்று இன்றைக்கு என்று நான்தான் கணக்குச் சொன்னேன்.

அன்றைக்கு ரயிலில் வரும்போதுதான் உங்கள் அஞ்சலட்டையை மறுபடி எடுத்துப் படித்தேன். சயானில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவதற்குள் இந்த ஊரில் என்னிடம் யாரும் பேசினால் அது ஒரே வார்த்தைதான்: "குர்லா?" இறங்குகிறாயா, இல்லை வழியை விடுகிறாயா என்று அர்த்தம். அதுதான் இங்கே பொம்பளைப் பெட்டியின் வணக்கம். நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். பக்கத்து அறைப் பெண்ணோடு ஒன்றரை வருஷமாகச் சிரிப்பு மட்டும்தான், பெயர் தெரியாது. சேடா நகர் முருகன் கோயிலில் 108 படி ஏறி இறங்கினாலும், செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் நம்பரைத்தான் சொல்லுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போய்ப் பூ வாங்குகிறேன். செம்பூரிலேயே பத்து ரூபாய் குறைச்சலாகக் கிடைக்கும், அம்மாவிடம் சொல்லவேண்டாம். மாட்டுங்காப் பூக்கார அக்கா, "வா தங்கச்சி, ரெண்டு வாரமா ஆளையே காணோமே" என்பாள். அந்தப் பத்து ரூபாய் பூவுக்கு இல்லை. முதலாளி நோட்டைப் பார்த்துச் சிரிக்கிற நான், என் பையில் வேறொரு நோட்டு வைத்திருக்கிறேன் போல.

அறைக்கு வந்து வாட்ஸப்பை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். இருபத்தேழு மாசம், இருபத்தேழு 'பணம் அனுப்பிட்டேன் பாருங்க.' ஒன்றிலும் அப்பா இல்லை. முதலாளி கணக்கில் 270 சதவீதம் அபராதம். நீங்கள் எனக்குப் பதிலே போட்டிருக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே, "அன்புள்ள மகளுக்கு, பணம் வந்தது. நலம். சாப்பிட்டாயா? இப்படிக்கு அப்பா" என்று, இப்படிக்கு வரைக்கும் போட்டு வைத்திருக்கிறீர்கள். இருபத்தேழு தடவை. அதில் ஒரு தடவை மட்டும் பணம் தப்பான கணக்குக்குப் போய் வரவேயில்லை. அன்றைக்கும் "அன்புள்ள மகளுக்கு, பணம் வரவில்லை. நலம்" என்றுதான் இருக்கிறது. நான் அதில் பணம் வரவில்லை என்பதை மட்டும் படித்துவிட்டு வங்கிக்கு ஓடியிருக்கிறேன்.

ஆகவே கோலாப்பூர்க்காரர் வழியில் பாக்கியைத் தீர்க்க வேண்டியதுதான். இருபத்தேழையும் இங்கேயே எழுதினால் நீங்கள் சிவப்புப் பென்சிலால் எண்ணி, ஒன்று குறைகிறது என்று அடுத்த அட்டை போடுவீர்கள். பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட் 64. கிடைத்தால் நேரில் தருகிறேன். உங்கள் பெயருக்கு வந்துசேர்ந்த வணக்கங்களும் என்னிடம்தான் கிடக்கின்றன. போன மாசம் மட்டும் ஜெர்மனி ஒன்பது, துபாய் பதினான்கு, ஜப்பான் ஒன்று, அதோடு அந்த மன்னிப்பு. எல்லாவற்றையும் கட்டி எடுத்துவருகிறேன், திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
மும்பையில் நீங்கள்.

பி.கு: அம்மாவுக்கு மட்டும் ஒரு வெளிநாட்டு வணக்கமும் வரவில்லை. என் பெயரில் அவள் எழுத்து ஒன்றுகூட இல்லையே, யார் சொல்லுவார்கள்? அடுத்த தடவை பணம் வந்ததும் நீங்கள் பதில் எழுதாதீர்கள். போனை அவள் கையில் கொடுங்கள். ஒற்றை விரலால் எவ்வளவு நேரம் எடுத்தாலும், அவளே அடிக்கட்டும். வணக்கமே இல்லாமல் வந்தாலும் உடனே பதில் போடுவேன்.